வண்டிவரி எங்கே போனது

கிழக்கு வெளுக்கும் முன்பே லாரியின் பின்கதவு திறந்தது. வெங்காய மூட்டையின் சணல் பிடரியை அறுக்க, வளையும் பலகைமேல் கால் விரல்களை ஊன்றி இறங்கினான் இரும்பு. வீட்டில் வைத்த பெயர் வேறு. சந்தை வைத்த பெயர் இதுதான். சுமைதூக்குவோர் சங்கத்துக்கு அவன்தான் தலைவன். கைவண்டிக்குத் தினமும் கட்டிய வண்டிவரியைப் போன வருஷம் போராடி ஒழித்தவன். அன்றைக்கு அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு சந்தையையே சுற்றி வந்தார்கள்.

லாரி காலியானதும் வழக்கம்போல மதில் ஓரம் ஒதுங்கிவிட்டு, ஒரு டீயோடு சந்தை வாசல் பக்கம் வந்தான். மனைவி தரையில் சாக்கு விரித்து, நசுங்கிய தக்காளியைப் பொறுக்கித் தள்ளிக்கொண்டிருந்தாள். உதடு வெடித்திருந்தது.

“ஒரு வாய் குடி.”

“வேணாம்.”

“ஒட்டகமாட்டம் எப்படித்தான் பொழுதுக்கும் இருக்கியோ!”

பக்கத்துச் சாக்கில் கத்தரிக்காய் விற்கும் வெண்கலம், தன் தொண்டையால் அந்தப் பெயரைச் சம்பாதித்தவள், அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

வெயில் ஏறியபின் வெண்கலத்தின் கூப்பாடு கேட்டு ஓடி வந்தான். கூடையைத் தூக்கப்போன மனைவி அடிவயிற்றைப் பிடித்தபடி தக்காளி மேலேயே சரிந்து கிடந்தாள். உடம்பு அனலாய்க் கொதித்தது. கைவண்டியில் கிடத்தி, வெண்கலம் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள, அரசு ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு ஓடினான்.

“சிறுநீரகம் வரைக்கும் கிருமி ஏறியிருக்கு,” என்றார் டாக்டரம்மா. “தண்ணியே குடிக்கிறதில்லையா? அடக்கி அடக்கி வைக்கிறாங்களா?”

பதில் வெண்கலத்திடமிருந்து வந்தது.

“குடிச்சா போகணும், போனா சந்தைக் கழிப்பறையில காசு வைக்கணும். நாங்க யாருமே குடிக்கிறதில்ல டாக்டரம்மா.”

டாக்டரம்மா போனபின், கட்டிலோரம் குனிந்து கேட்டான்: “என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?”

அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: “ஒண்ணுக்குப் போகணும், காசு குடுன்னு உன் முன்னாடி வந்து நிக்கச் சொல்றியா?”

ஒட்டகம் என்று சொன்ன வாயை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே குத்தகைக்காரரிடம் போனான். சந்தை வரி வசூலிக்கும் உரிமையை நகராட்சியிடம் ஏலம் எடுத்தவர் அவர். மின்விசிறிக்கு அடியில் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

“கழிப்பறைக்கு எதுக்கு முதலாளி காசு? முன்னாடியெல்லாம் சும்மாதானே இருந்துச்சு?”

“முன்னாடி வண்டிவரி இருந்துச்சுப்பா,” என்றார் அவர். “நீங்க அதை நிறுத்தினீங்க. நகராட்சி எனக்குக் குத்தகையைக் குறைச்சுதா? கடைக்காரன் மேல கைவச்சா அவன் மேலிடம் வரைக்கும் போவான். அதான் கழிப்பறையில வச்சேன்.”

“பொம்பளைங்க தலையில வச்சீங்க.”

“வேற இடத்துல சரிக்கட்டிக்கிறேன்னு அன்னைக்கே சொன்னேனே! நீ என்ன சொன்ன? ‘அது உங்க பாடு’ன்னு என் கையைக் குலுக்கிட்டுப் போன. உங்களுக்கென்ன, மதில் இருக்கு!”

அவன் சொன்னதுதான். ‘வேற இடம்’ எது என்று கேட்க அன்றைக்கு அவனுக்குத் தோன்றவேயில்லை. இரண்டு ஆள் பாரத்தை ஒரே மூச்சில் ஏற்றும் கழுத்து, அந்த மேசை முன்னால் நிமிர மறுத்தது.

சாயங்காலம் சங்கக் கொட்டகையில் எல்லாவற்றையும் சொன்னான். மறைக்காமல் கைகுலுக்கியதையும் சொன்னான். நாளைக்கு மூட்டை தூக்குவதை நிறுத்துவோம் என்றான். முன்வரிசையில் ஒருவன் களுக்கென்று சிரித்தான்.

“ஒண்ணுக்குப் போறதுக்கா அண்ணே வேலைநிறுத்தம்? வெளிய சொன்னா சிரிப்பாங்க.”

“என் பொண்டாட்டிக்கு மூத்திரத்துல ரத்தம் போகுது,” என்றான் இரும்பு. “சிரி. முடியுமான்னு பாரு.”

சிரித்தவன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் அம்மாவும் அதே வாசலில்தான் மிளகாய் விற்கிறாள்.

வெண்கலம் உள்ளே வந்து நின்றாள். பின்னால் வியாபாரப் பெண்கள்.

“நாளைக்கு நாங்க சாக்கு விரிக்கிற இடத்துக்கான தரைவரியும் கட்டப்போறதில்ல, கழிப்பறைக் காசும் கட்டப்போறதில்ல. வாசலை அடைச்சு உக்காரப்போறோம். உங்ககிட்ட அனுமதி கேக்க வரல அண்ணே, தகவல் சொல்ல வந்தோம்.”

மறுநாள் விடியலில் வந்த முதல் லாரி வாசலிலேயே நின்றது. பெண்கள் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் வந்த லாரிகள் ஹாரன் அடித்து ஓய்ந்தன. ஒரு தார்ப்பாயையும் எவனும் அவிழ்க்கவில்லை. சுமைதூக்கிகள் தலைத்துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு ஒவ்வொருவராக வந்தார்கள். நேற்றுச் சிரித்தவன் மிளகாய் விற்கும் தாயின் பின்னால் போய்ச் சத்தமில்லாமல் உட்கார்ந்தான்.

குத்தகைக்காரர் வேகமாக வந்தார். பெண்களைத் தாண்டி அவர் கண் இரும்பைத் தேடிப் பிடித்தது. பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“நமக்குள்ள பேசி முடிச்சுக்கலாம், வாப்பா.”

“போன தடவை நமக்குள்ளதான் பேசினோம்,” என்றான் அவன். “இந்தத் தடவை அவங்ககிட்டப் பேசுங்க.”

அவர் முகம் கறுத்தது. போலீசைக் கூப்பிடப்போவதாகச் சொல்லிவிட்டு நடந்தார். கூப்பிடுவார் என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் எழுந்திருக்கவில்லை.

இரும்பு எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றான். வெண்கலம் திரும்பிப் பார்த்தாள். கொஞ்சம் நகர்ந்து பின்வரிசையில் இடம் விட்டாள்.

“அங்க என்ன அண்ணே மரமாட்டம் நிக்கிறீங்க? உக்காருங்க. போலீஸ் வர்ற நேரம் ஆள் நெருக்கமா இருக்கணும்.”

அவன் உட்கார்ந்தான்.