பொம்மையின் பள்ளிக்கூடப் பை

மாயாண்டியின் மனைவி அழகம்மாவின் நெஞ்சு எக்ஸ்ரே இன்னும் கூரை இடுக்கில்தான் செருகிக் கிடந்தது. அவள் செத்து வருசமாச்சு, இனி அதை எந்த டாக்டரும் கேட்கப்போவதில்லை. மாயாண்டி அந்த பிலிமைத் துடைத்துத் துண்டாக்கி, பிளேடால் அதில் ஒரு பேட்ஜைத் துளையாக வெட்டினான்; மேலே மை ஒற்றினால் துணியில் பதியும். ஃபேக்டரியில் தேயிலை மூட்டைகளுக்கு எழுத்து வெட்டிய தகட்டை வைத்து மை ஒற்றுகிறவனுக்கு இது பெரிய வேலையில்லை.

மாவுச் சாக்கில் மகள் பிரேமினியின் பொம்மைக்குப் பை தைத்தாகிவிட்டது. பேட்ஜை வரைந்தது அவளேதான். நடுவில் ஒரு விளக்கு, அடியில் பள்ளிக்கூடத்தின் பெயருக்கு இடம்.

"வெளக்கு சாஞ்சிருக்குப்பா."

"காத்தடிக்குது புள்ள."

அவள் சிரித்தாள்.

மறுநாள் அவள் கொழும்புக்குப் போகிறாள். தோட்டத்துப் பிள்ளைகளை அங்கே வீடுகளில் சேர்த்துவிடுகிற செல்லசாமிதான் ஏற்பாடு. கூடமாடச் சின்ன வேலை, மற்ற நேரம் அவங்களே பள்ளிக்கூடம் அனுப்புவாங்க என்று சொல்லியிருந்தான். மாயாண்டிக்கு அதை நம்பத்தான் வேண்டியிருந்தது. அவன் ராத்திரி ஷிப்டுக்குப் போனால் லயத்து வரிசை வீட்டில் பத்து வயசுப் பிள்ளை தனியாக இருக்கிறது. பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிற, குடித்துவிட்டு வருகிறவன் ஒருநாள் கதவைத் தட்டியிருக்கிறான்.

பொழுது சாயும் நேரத்தில் செல்லசாமி வந்தான். காலை பஸ்ஸுக்குத் துணிமணியோடு நிற்கச் சொன்னான். மாயாண்டி பிலிமைக் காட்டி, பள்ளிக்கூடத்தின் பெயரைக் கேட்டான். எழுத்து வெட்ட வேண்டும் என்றான்.

செல்லசாமிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்துவிட்டான்.

"அந்த வீட்டுல ரெண்டு கைப்புள்ளங்க மாயாண்டி. இது இஸ்கூலுக்குப் போனா அதுகள யாரு தூக்குறது?"

மாயாண்டி பிலிமைக் கீழே வைத்தான். பிரேமினி இருந்த பக்கம் திரும்பவில்லை. செல்லசாமி தேத்தண்ணியைக் குடித்துவிட்டு இறங்கிப் போனான்.

பிரேமினி பையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். மை படாத துணி.

"இது வேணாம்பா. பொம்மைக்கு ஒரு தொடப்பம் கட்டிக் குடுங்க."

"நீ போவ வேணாம் புள்ள."

"அப்ப ராத்திரிக்கு நான் எங்க இருக்குறது?"

அவன் வெளியே போய் மானாப்புல் அரிந்துவந்து, விரல் நீளத்துக்கு நறுக்கித் துடைப்பமாகக் கட்டினான். அவள் அதைப் பொம்மையின் கையில் நூலால் சுற்றி, நிற்கிறதா என்று இழுத்துப் பார்த்தாள். கழன்று வந்தது.

"இறுக்கிக் கட்டுங்கப்பா" என்றாள்.

அவன் இறுக்கிக் கட்டினான்.