நடுவழி பங்க்

லாட்ஜ் கட்டிலில் மேப்பை விரித்து வைத்து லிப்ட் மெக்கானிக் பெட்ரோல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய சகலை அதே மேப்பின் ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டிய துண்டுகள் மேப்பில் இருந்த பாலைவனத்தின் மேல் விழுந்தன. மெக்கானிக் அவற்றை ஒவ்வொன்றாகச் சுண்டித் தள்ளினார். அக்கா தங்கையைக் கட்டியதைத் தவிர இருவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சகலைக்கு நிலத் தரகு வேலை. வாயாலேயே வாழைப்பழம் உரிக்கிற ஆள். இந்தப் பைக் பயணமும் அவர் பேச்சில் மயங்கி ஒப்புக்கொண்டதுதான்.

"இங்க ரொப்பினா அடுத்த ஊர் அறுநூறு கிலோமீட்டர். ஒரு டேங்க் முந்நூத்தி எழுபதுதான் தாங்கும். எதிர்காத்து அடிச்சா அதுவும் கிடையாது."

"நடுவுல அந்தச் சுரங்கக் குடியிருப்புல ஒரு பங்க் இருக்கே சகலை."

"இருக்குன்னு மேப் சொல்லுது. திறந்திருக்கான்னு அதுக்குத் தெரியாது. போன் பண்ணச் சொன்னேனே, பண்ணீங்களா?"

"பண்ணியாச்சு. எப்ப வேணா வாங்கன்னான். நீங்க ஏன் எல்லாத்துக்கும் லிப்ட் அறுந்து விழற மாதிரியே யோசிக்கறீங்க?"

மெக்கானிக் தன் வண்டிக்கு ஐந்து லிட்டர் கேன் இரண்டு கட்டிக்கொண்டார். சகலை கேனைத் தொடவே இல்லை. துணிப்பெட்டி நாறிப்போகுமாம்.

மறுநாள் பகல் முழுக்கப் புழுதி தின்று குடியிருப்பை அடைந்தபோது, பங்கின் குழாய் கந்தல் சுற்றிச் சங்கிலியால் பூட்டப்பட்டிருந்தது. பீடத்தில் நாய் ஒன்று செத்து ஈ மொய்த்தது. அங்கே யாரும் போன் எடுத்துப் பல வருஷம் ஆகியிருக்கும் என்பது பார்த்ததுமே தெரிந்தது. மெக்கானிக் திரும்பி சகலையைப் பார்த்தார். சகலை கண்ணாடியில் தலை வாரிக்கொண்டிருந்தார்.

"ரிங் போச்சு. எடுத்திருந்தா அப்படித்தானே சொல்லியிருப்பான்," என்றார்.

மெக்கானிக்கிடம் இருந்த பெட்ரோல் ஒரு வண்டி போய்ச் சேர மட்டுமே காணும். விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை.

குடியிருப்பில் மிச்சமிருந்தது பத்துப் பதினைந்து வீடுகளும் ஒரு சின்ன ஆஸ்பத்திரியும்தான். அதற்கு ஒரே ஒரு நர்ஸ். குடிக்கத் தண்ணீர் கொடுத்து, மருந்து ஃபிரிட்ஜ் ஜெனரேட்டரில்தான் ஓடுகிறது என்றும், நாளைக்கு மறுநாள் சப்ளை லாரி வரும், வண்டியோடு ஏற்றிக்கொள்வார்கள் என்றும் சொன்னார். ராத்திரி வராந்தாவில் படுக்கப் பாயும் போட்டுக் கொடுத்தார். சகலை அவரை நடுவில் நிறுத்தி போட்டோ எடுத்துக்கொண்டார்.

காலையில் மெக்கானிக், ஆஸ்பத்திரியின் இழுபட்ட கதவைச் சரிசெய்து முடித்தபோது சகலை சிரித்த முகமாக வந்தார்.

"பெட்ரோல் கிடைச்சிருச்சு. ஒரு வீட்டுல வச்சிருந்தாங்க. கிளம்புங்க, வெயில் ஏறுது."

முப்பது கிலோமீட்டர் தாண்டி ஒரு பாறை நிழலில் நின்றார்கள். சகலை பெட்டியைத் திறந்து பிஸ்கட் எடுத்தபோது, துணிகளுக்கு நடுவிலிருந்து ஒரு ரப்பர் குழாய் சரிந்து விழுந்தது. டிரிப் ஏற்றும் குழாய்.

"இது ஏது?"

"அங்கதான் எடுத்தேன். ஜெனரேட்டர் டேங்க்ல ஒரு இழு இழுத்தேன் பாருங்க, வாயெல்லாம் எரிஞ்சுது. பக்கத்துல ஒரு கேனும் இருந்துது. உங்க கேன்லயும் ரெண்டு லிட்டர் ஊத்தியிருக்கேன். தனியாவா அனுபவிப்பேன்?"

அவர் பல்லில் பிஸ்கட் மாவு அப்பியிருந்தது. மெக்கானிக் கீழே கிடந்த குழாயை எடுத்துச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அந்த ஜெனரேட்டர்லதான் மருந்து ஃபிரிட்ஜ் ஓடுது. குழந்தைங்களுக்குப் போடற ஊசி மருந்து. நேத்து அந்தம்மா நம்மகிட்டச் சொல்லலையா?"

"லாரிதான் வருதே. ஒரு நாள்ல என்ன ஆயிடும்? அதுவும் சர்க்கார் பெட்ரோல்."

"திரும்புங்க. கொண்டுபோய் ஊத்திட்டு வரலாம்."

"உங்களுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு," என்று சொல்லி சகலை கிக்கரை உதைத்தார். புழுதி அடங்குவதற்குள் ஆளைக் காணவில்லை.

மெக்கானிக் தனியாகத் திரும்பினார். நர்ஸ் வாசலிலேயே நின்றிருந்தார். ஃபிரிட்ஜில் இருந்ததை எல்லாம் ஐஸ் கட்டிகளோடு ஒரு பெட்டியில் அடைத்து, ஈரத்துணி போர்த்தியிருந்தார்.

"உள்ள வராதீங்க," என்றார்.

"நான் எடுக்கல சிஸ்டர். எனக்கு இப்பதான் தெரிஞ்சுது. பெட்ரோல் கொண்டுவந்திருக்கேன்."

"கூட வந்தவர்தானே? ஊத்திட்டு அந்தப் பக்கமா போய் நில்லுங்க."

கேனில் இருந்தது போதவில்லை. மெக்கானிக் அதே குழாயைத் தன் டேங்கில் விட்டு உறிஞ்சினார். வாய் நிறையப் பெட்ரோல் பாய்ந்தது. துப்பித் துப்பிப் பார்த்தும் நாக்கில் சகலையின் எச்சிலும் சேர்ந்தே ருசிப்பதுபோல இருந்தது. வயிற்றில் இருந்ததெல்லாம் மண்ணில் விழுந்தது. நர்ஸ் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், தண்ணீர் கொடுக்கவில்லை. ஜெனரேட்டர் உறுமி ஓடத் தொடங்கியதும் கதவைச் சாத்திக்கொண்டார். காலையில் மெக்கானிக் சரிசெய்த கதவு, சத்தமில்லாமல் மூடியது.

லாரி வரும்வரை அவர் பங்கின் ஓரத்திலேயே கிடந்தார். நாயை மட்டும் தூக்கிப் போய்ப் புதைத்தார்.

ஊர் திரும்பிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை சகலை வீட்டில் விருந்து. நர்ஸோடு எடுத்த போட்டோவைப் பெரிதாகச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். "நம்ம சகலை பாதியிலயே பயந்து திரும்பிட்டார்," என்று சகலை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் தட்டைத் தள்ளிவைத்தார். குரலை உயர்த்தாமல், பங்கிலிருந்து ரப்பர் குழாய் வரை நடந்ததை நடந்தபடி சொன்னார். முதலில் பேசியது மனைவியின் அக்காதான்.

"போனது போகட்டும். யாருக்கும் ஒண்ணும் ஆகலையே. சோறு ஆறுது, சாப்பிடுங்க."

சகலை அதற்குள் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிப் பிசையத் தொடங்கியிருந்தார். விரலிடுக்கில் எண்ணெய் வழிந்தது. மெக்கானிக்கால் அதைப் பார்க்க முடியவில்லை.

அவர் மனைவி பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவி வந்து, பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"என்னடி, பாயசம் கூடத் தொடல?" என்றாள் அக்கா.

"எனக்கு இறங்காது அக்கா," என்றவள் கணவன் பக்கம் திரும்பினாள். "வாங்க, நம்ம வீட்டுல தயிர் இருக்கு."