பாடகிக்கு நான்கு வயது கூடுதல்

வானொலி நிலையத்தில் அவனை எல்லோரும் மண்வெட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். புகழ்பெற்ற இசைக் கலைஞர்களின் பூர்வீகத்தைத் தோண்டியெடுப்பது அவன் வேலை. வாராவாரம் வெள்ளிக்கிழமை அரை மணி நேரம் அதைப் படிப்பான். ராஜ வம்சம் என்று பீற்றிக்கொண்ட பியானோக்காரரின் தாத்தா குதிரை லாயத்தில் சாணி அள்ளியவர் என்று கண்டுபிடித்த நாளிலிருந்து, கலைஞர்கள் அவனைக் கண்டால் எதிர்ப்பக்கம் மாறி நடப்பார்கள்.

அவனுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒலிபரப்புவதற்கு முன், சம்பந்தப்பட்டவரின் வீட்டுக்கே போய் முழுவதையும் முகத்துக்கு நேரே படித்துக் காட்டிவிடுவான். திட்டு வாங்கிய வீடுகள் ஏராளம். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள்.

இந்த வாரம் பாடகி. எழுபத்து நான்கு வயது. ஏழு வயதில் சோப்புப் பெட்டி மேல் ஏறி நின்று மைக்கை எட்டிப் பிடித்துப் பாடியவர் என்பது ஊரறிந்த கதை. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போட்ட அவருடைய அம்மா, சாகும்வரை எல்லாப் பேட்டியிலும் அதைச் சொல்லியிருக்கிறார். ஆனால் பிறப்புப் பதிவேட்டில் மண்வெட்டி பார்த்தது வேறு. அதே பெயர், அதே அப்பா, அதே அம்மா, அவர்கள் குடித்தனம் தொடங்கிய அதே தெரு. வருடம் மட்டும் நான்கு முந்தி. அப்படியானால் அந்தப் பெட்டி மேல் நின்றவளுக்கு வயது ஏழு இல்லை, பதினொன்று. நிலைய இயக்குநர் தொடையைத் தட்டிச் சிரித்தார். இந்த மாதிரி ஒன்று சிக்கி வருடக்கணக்காகிறது என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை பாடகியின் கூடத்தில் உட்கார்ந்து படித்து முடித்தான். மடியில் பென்சிலால் வரைந்த குடும்ப அட்டவணை. பாடகியின் தங்கை, முன்பு பேருந்து நிலையத்தில் சீட்டுக் கொடுத்தவர், கூட்டத்தை மேய்த்த குரல் இன்னும் இறங்காதவர், எழுந்து நின்றுவிட்டார். செத்தவங்க வந்து பதில் சொல்ல மாட்டாங்கங்கிற தைரியமா என்று கேட்டார். இன்னும் நிறையக் கேட்டார்.

பாடகி தங்கையைக் கையமர்த்தினார்.

"பதிவேட்டுல இருந்தா போடுங்க தம்பி. நான் பொறந்தப்போ நானா பாத்துக்கிட்டு இருந்தேன்? என் வயசு கூடினாலும் கொறைஞ்சாலும் என் குரல் இதேதான்." அவன் அட்டவணையில் அம்மாவின் பெயரை விரலால் தொட்டார். "எங்கம்மாவை மட்டும் பொய்க்காரி ஆக்கிடாதீங்க. வேறெதுவும் நான் கேக்கல."

அது முடியாத காரியம் என்று அவனுக்குத் தெரியும். வயது பொய்யென்றால், சொன்னவரும் பொய். இருந்தாலும் இந்த மாதிரி ஓர் ஆளை அவன் பதினோரு வருடத்தில் பார்த்ததில்லை. தன் கௌரவத்தைத் தூக்கி அப்படியே அவன் கையில் கொடுத்துவிட்டார், கண்ணாடி டம்ளரை நீட்டுகிற மாதிரி.

வாசல்வரை வந்த தங்கைதான் முணுமுணுப்பை நிறுத்தவில்லை. எங்க அம்மா ஒருநாளும் அக்காவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, வீட்டுக்கே மூத்தவளைச் சாகும்வரை சின்னவளே சின்னவளே என்று கொஞ்சினார், அவரைப் போய் இப்படிச் சொல்ல வாய் கூசவில்லையா என்றார்.

மண்வெட்டி செருப்பில் பாதி காலை நுழைத்தபடி நின்றுவிட்டான். மூத்தவளுக்குச் சின்னவள் என்று ஏன் பெயர்?

இந்தத் தொழிலில் அரிச்சுவடி ஒன்று உண்டு. பிறப்பைக் கண்டுபிடித்தால், அதற்கடுத்த ஐந்து வருட இறப்பையும் புரட்ட வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு பிள்ளை இறந்தால் அடுத்ததற்கு அதே பெயரை வைத்தவர்கள் உண்டு. அவனுக்கு அது தெரியாததல்ல. பெரிய மீன் சிக்கிய சந்தோஷத்தில் புத்தகத்தை மூடிவிட்டான். பிறப்பு எழுதிய பச்சைப் புத்தகம் போதும், இறப்பு எழுதிய கறுப்புப் புத்தகம் எதற்கு என்று இருந்துவிட்டான்.

பதிவு அலுவலகத்தில் எழுத்தர் தும்மிக்கொண்டே கறுப்புப் புத்தகத்தை எடுத்துப் போட்டார். மூன்றாவது வருடத்தில் இருந்தது. அதே பெயர், பெண், இரண்டரை வயது, காய்ச்சல். இரண்டாவது பிறப்பைத் தேட இன்னும் ஒரு நாள் ஆனது. குடும்பம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வீடு மாறியிருந்ததால் அது வேறு வட்டத்தின் புத்தகத்தில் கிடந்தது. பாடகி சொன்ன வருடம், பாடகி சொன்ன மாதம். பெட்டி மேல் நின்றது ஏழு வயதுப் பிள்ளைதான்.

தன்னைத் தானே நான்கு கெட்ட வார்த்தை திட்டிக்கொண்டான். ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. அம்மாவின் சொல்லைக் காப்பாற்ற வேண்டுமென்றால், அந்த அம்மா ஆயுசு முழுக்க வாயைத் திறக்காத ஒன்றை மகளிடம் சொல்லியாக வேண்டும்.

வியாழக்கிழமை போனான். தங்கை கதவைத் திறந்தாரே தவிர உள்ளே வா என்று சொல்லவில்லை. அவனாகவே நுழைந்து, தப்பு என்னுடையது என்று ஆரம்பித்து, சுற்றி வளைக்காமல் சொல்லி முடித்து, இறப்பு, இரண்டாவது பிறப்பு இரண்டின் நகல்களையும் பாடகியின் முன்னால் வைத்தான்.

பாடகி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் படித்தார். திரும்பவும் படித்தார்.

"செவ்வாக்கெழம எழுபத்தெட்டு ஆக்கினீங்க. இன்னைக்கு எழுபத்து நாலு. ஒரு மாத்திரைகூட போடாம எறங்கிடுச்சு," என்றார். தங்கை சிரிக்கவில்லை. சுவரோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

பாடகி காகிதத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒவ்வொரு மேடையிலயும் மொதல்ல என் பேரைத்தான் மைக்ல சொல்லுவாங்க. நாப்பது வருஷம். எங்கம்மா முன்வரிசையில உக்காந்து கேட்டாங்க. எல்லாருக்கும் முன்னாடி கை தட்டினதும் அவங்கதான்."

மண்வெட்டி பெரிய பெரிய வித்வான்களைப் பார்த்தவன். அந்தச் சலவைக்காரி அளவுக்கு ஒருவரையும் பார்த்ததில்லை என்று அப்போது தோன்றியது. நிகழ்ச்சியில் இதைச் சொல்வதா வேண்டாமா என்று கேட்டான். வேண்டாமென்றால் வேறு ஏதாவது படித்துவிடுவதாகவும், இயக்குநரைத் தான் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னான்.

"சொல்லுங்க. எங்கம்மா சொன்னது நிஜம்னு சொல்லுங்க. எப்படி நிஜம்னும் சொல்லணுமில்ல?" அவன் மடியிலிருந்த குடும்ப அட்டவணையைத் தன் பக்கம் இழுத்தார். "எங்க அக்காவுக்கு இதுல எடம் இல்லையே தம்பி. அழி ரப்பர் இருக்கா?"

பையில் துழாவி ரப்பரையும் பென்சிலையும் கொடுத்தான். பாடகி முதல் கட்டத்தில் இருந்த தன் பெயரை அழித்தார். கொஞ்சம் தள்ளி இன்னொரு கட்டம் போட்டுத் தன்னை அதில் எழுதிக்கொண்டார். பிறகு, காலியான முதல் கட்டத்தில் அதே பெயரை, மேடையில் கையெழுத்துப் போடுகிற வேகத்தில் இல்லாமல், ஒவ்வொரு எழுத்தாக எழுத ஆரம்பித்தார்.