அருவிக்கு அடியில் ஒரு வசனம்

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால், இடுப்பில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு ஆயிரக்கணக்கான ஆண்கள் ஒருவர் தோளை ஒருவர் பற்றியபடி அருவிக்கு அடியில் நிற்பார்கள். ஒருவன் முதுகில் இன்னொருவன் எண்ணெய் தேய்ப்பான். வழுக்குகிறவன் கையை யாராவது ஒருவன் பிடிப்பான், பிடித்த கையை வெளியே வரும்வரை விடமாட்டான். இதில் யாரும் வேறு எதையும் கண்டதில்லை. கடற்கரை என்பவன் எடுத்த படத்தையும் அதே கண்ணோடுதான் பார்த்தார்கள். அவனுக்கு வந்த வினையே அதுதான்.

கடற்கரை குத்துக்கல்வலசைக்காரன். தென்காசி வட்டாரத்தில் கல்யாண வீடியோ எடுப்பது தொழில். அடுத்தவர் காதலை, அல்லது காதல் என்று இரு வீட்டாரும் பேசி முடித்ததை, டிரோன் பறக்கவிட்டுப் படம்பிடித்துக் கொடுத்துவிட்டு, சாப்பாட்டுப் பந்தியில் கடைசியாக உட்காருகிறவன். அவனும் ஒரு காதல் படம் எடுத்தான். பேர் ‘ரெண்டு கிலோமீட்டர் தள்ளி’. ஓர் இளைஞன் இன்னோர் இளைஞனைத் தேடி அலையும் முக்கால் மணி நேரச் சிரிப்புப் படம்.

தேடியவன் அவன்தான், கதையை இட்டுக்கட்ட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஆண்கள் ஆண்களைத் தேடும் செயலி ஒன்றைப் போனில் இறக்கினால், தென்காசியில் ஒருத்தனுக்கும் முகம் கிடையாது. ஒருவன் சேவல் படம் வைத்திருப்பான், ஒருவன் புல்லட் படம். சாமி படம் வைத்திருந்த ஒருவன் முதல் கேள்வியாக, உங்களுக்கு எந்தத் தெரு என்று கேட்டான். ஊர் பெயர் தெரிந்த பிறகும் தெருவைக் கேட்கிறவன் எதைக் கேட்கிறான் என்பது தென்காசியில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். காதலிலும் கலப்பு கூடாது என்ற கொள்கைக்காரன். கொல்லத்துக்காரன் ஒருவன் உருகி உருகி எழுதினான். நேரில் பார்க்கலாம் என்றதும் புளியறை செக்போஸ்ட் வரைக்கும்தான் வருவேன், அதைத் தாண்டினால் தமிழ்நாட்டில் தனக்கு மாமா இருக்கிறார் என்றான். கடற்கரை மட்டும் சொந்தப் பெயரைத் தைரியமாகப் போட்டிருந்தான். அதைப் பெயர் என்று ஒருவரும் நம்பவில்லை. குற்றாலத்தில் ஏது கடற்கரை என்று மூன்று பேர் சண்டைக்கு வந்தார்கள்.

கடைசியில் கிடைத்தவன் லிங்கேஸ்வரன். ஆள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்று சொல்லும் அந்தச் செயலி, அவனைக் காலையில் இரண்டு கிலோமீட்டரில் காட்டும், மத்தியானம் எண்பது கிலோமீட்டரில் காட்டும், சாயங்காலம் மறுபடி இரண்டு. தன்னைப் பார்த்துப் பயந்து தினமும் ஓடிப்போய்த் திரும்பி வருகிறான் என்று கடற்கரை ஒரு வாரம் மனம் உடைந்து கிடந்தான். பிறகுதான் தெரிந்தது, அவன் பாவூர்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்குக் காய்கறி டெம்போ ஓட்டுகிறவன் என்று.

அதெல்லாம் நடந்து மூன்று வருடம். மூன்று வருடமும் லிங்கேஸ்வரன் எல்லா இடத்திலும் ‘நம்ம கூட்டாளி’. கடற்கரையின் அம்மா சங்கரேஸ்வரி, மகனின் கூட்டாளி என்று அவனுக்குக் கூடுதலாக ஒரு துண்டு மீன் வைப்பாள். கல்யாண வீடுகளில் கூட்டாளி லைட் பிடிப்பான். படத்திலும் காதலனாக அவனே நடித்தான்.

படத்தின் உச்சக்காட்சி ஐந்தருவியில். கூட்டத்துக்கு நடுவே, தண்ணீருக்கு அடியில், நாயகனாக நடித்த கடற்கரை லிங்கேஸ்வரனின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டும்: “கூட்டாளியா இல்லலே. கட்டிக்கிடதுக்குக் கேக்கேன்.” சொன்னான். ஒரே டேக்கில் சொன்னான். பிறகு எடிட்டிங்கில் உட்கார்ந்தபோது அருவிச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினான். இன்னும் கொஞ்சம் கூட்டினான். முடிவில் உதடு மட்டும் அசைந்தது, வசனம் தண்ணீரோடு போய்விட்டது. யதார்த்தத்துக்காக என்று லிங்கேஸ்வரனிடம் சொன்னான்.

“யதார்த்தம் ஒண்ணுமில்ல. அருவிக்குப் பின்னால போயி ஒளிஞ்சுக்கிட்ட,” என்றான் லிங்கேஸ்வரன். அதோடு விட்டுவிட்டான்.

இந்த நிலையில்தான் தென்பொதிகைத் திரைக்கலைப் பேரவையின் நிறுவனர், தலைவர், செயலாளர் ஆகிய மூவரும் சேர்ந்து படத்தைப் பார்த்தார்கள். மூவரும் ஒருவரே. கலைப்பேரொளி நாறும்பூநாதன் என்று பெயர். மெயினருவிப் பக்கம் லாட்ஜ் வைத்திருந்தார். பட்டத்தைப் பேரவை கொடுத்தது; பேரவையை அவர் கொடுத்தார். சீசன் கூட்டத்துக்கு அறை வாடகை பேசிக்கொண்டே, ரிசப்ஷன் மேசையில் லேப்டாப்பை வைத்து, இரண்டு தவணையாகப் படத்தைப் பார்த்து முடித்துக் கண் கலங்கினார்.

“படத்துல ஒரு பொண்ணு கெடையாது. டான்ஸ் கெடையாது. குடும்பத்தோட ஒக்காந்து பாக்கலாம்,” என்றார். தனிமையில் வாடும் இளைஞன் ஒரு நல்ல நண்பனைத் தேடி அலைந்து, கடைசியில் அருவிக்கரையில் கண்டடைகிறான். இதைவிட உயர்ந்த கதை உண்டா என்று கேட்டார். கடற்கரை உண்டு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் படம் திரைக்கு வராது. திறக்காவிட்டால் வேறு படம் வரும்.

அந்த வேறு படத்துக்கு மறுநாளே பிளெக்ஸ் அடித்துவிட்டார்கள். ‘நட்புக்கு ஒரு காவியம்! நட்புச் சுடர் விருது வழங்கும் விழா!’ மூலையில் ஈரத் துண்டோடு கடற்கரையும் லிங்கேஸ்வரனும் தீப்பெட்டி அளவில் நின்றார்கள். மீதி இடம் முழுக்கக் கலைப்பேரொளியின் மீசை.

லிங்கேஸ்வரன் டெம்போவை ஓரங்கட்டிவிட்டு அந்த பிளெக்ஸை மேலிருந்து கீழ்வரை படித்தான். கோபப்படவில்லை. அதுதான் கடற்கரைக்குப் பயமாக இருந்தது.

“ஊருதான் கூட்டாளிங்கு. ஒங்க வீட்டுல கூட்டாளிங்காவ. இப்ப விருது ஷீல்டுலயே அடிச்சிட்டாங்க,” என்றான். “நீ அத வாங்கிக்க. எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா நீ வாங்கிட்டன்னா, அதுக்குப் பொறவு நான் நெசமாவே ஒனக்குக் கூட்டாளி மட்டுந்தான். பாத்துக்க.”

விழா ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், குற்றாலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில். குளித்துவிட்டுத் தலை துவட்டாமல் வந்தவர்கள், மழைக்கு ஒதுங்கியவர்கள், பொன்னாடை வாங்க வந்தவர்கள் என்று நல்ல கூட்டம். இப்படி ஒரு நட்பை வளர்த்த தாய் என்று சங்கரேஸ்வரியை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். அவள் அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தாள். லிங்கேஸ்வரன் கடைசி வரிசையில், வாசலுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

நாறும்பூநாதன் நட்பைப் பற்றிப் பேசினார். பெண்வாசனையே படாத தூய அன்பு என்றார். காதல் என்பது வெறும் கானல், நட்பு ஒன்றே நிலைக்கும் என்றார். அவரை நாற்பது வருடமாகப் பொறுத்துக்கொண்ட மனைவி மேடை ஓரத்தில் உட்கார்ந்து கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

விளக்கை அணைத்தார்கள். சேவல் படத்துக்குச் சிரித்தார்கள். எந்தத் தெரு என்ற கேள்விக்குப் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் பக்கத்தில் இருப்பவன் எந்தத் தெரு என்று யோசித்தார்கள். செக்போஸ்ட் காட்சியில் விசில் பறந்தது. ஜூஸ் கடையில் இருவரும் ஒரே கிளாஸில் குடித்தபோது பெண்கள் பக்கம் மட்டும் கிசுகிசுத்தார்கள். மேடை ஓரத்தில் லேப்டாப்புக்குப் பக்கத்தில் நின்ற கடற்கரைக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. ஐந்தருவி வரப்போகிறது.

வந்தது. திரையில் தண்ணீர் கொட்டியது, மண்டபமே அதிரும்படி அருவி இரைந்தது. தான் கூட்டிவைத்த சத்தம். திரையில் அவனுடைய உதடு அசைந்தது. கடைசி வரிசையில் நாற்காலி ஒன்று நகர்ந்தது.

கடற்கரை லேப்டாப்பில் சத்தத்தை மொத்தமாக அமுக்கினான். மண்டபம் காது அடைத்தது போல ஆனது. கலைப்பேரொளிக்கென்று பூச்சுற்றி வைத்திருந்த மைக்கை எடுத்தான்.

“கூட்டாளியா இல்லலே,” என்றான். குரல் பிசிறியது. மறுபடி சொன்னான், இந்த முறை பிசிறாமல். “கூட்டாளியா இல்லலே. கட்டிக்கிடதுக்குக் கேக்கேன்.”

 பெண்கள் பக்கம் யாரோ, இது எங்களுக்கு அந்த ஜூஸ் கடை சீனிலேயே தெரியும் என்று பக்கத்தில் இருப்பவளிடம் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. சிரிப்பு கிளம்பியது. இரண்டு பேர் எழுந்து போனார்கள். ஒருவர் எழுந்து, வெளியே மழையைப் பார்த்துவிட்டு, மறுபடி உட்கார்ந்தார்.

விளக்கு எரிந்தது. நாறும்பூநாதன் இன்னொரு மைக்கோடு பாய்ந்து வந்தார். இயக்குநர் தம்பி உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்றார். கட்டிக்கொள்வது என்றால் இங்கே நட்பால் கட்டுண்டு கிடப்பது; காதல் என்றே வைத்துக்கொண்டாலும் அது இயற்கை மீதான காதல், அருவி மீதான காதல், அன்னைத் தமிழ் மீதான காதல் என்று ஏறிக்கொண்டே போனார்.

“இல்ல அண்ணாச்சி,” என்றான் கடற்கரை. “இவன் மேல.” கடைசி வரிசையைக் கையால் காட்டினான். எல்லாத் தலைகளும் திரும்பின. வாசற்படியில் ஒரு காலும் உள்ளே ஒரு காலுமாக லிங்கேஸ்வரன் நின்றுகொண்டிருந்தான்.

“அப்பம் ஷீல்டு கெடையாது,” என்றார் கலைப்பேரொளி, மைக் வாய்க்கு முன்னால் இருப்பதை மறந்து.

“அது நட்புக்கு உள்ளது. வேற ஆளுக்குக் குடுங்க,” என்று சொல்லிவிட்டுக் கடற்கரை லேப்டாப் வயரைச் சுருட்ட ஆரம்பித்தான்.

அவன் வெளியே வருவதற்குள் பேரவை விழித்துக்கொண்டிருந்தது. வாசல் பிளெக்ஸை அவசரமாக அறுத்து, கலைப்பேரொளியின் மீசை தரையில் படும்படி மழையில் போட்டிருந்தார்கள். லிங்கேஸ்வரன் குனிந்து அதை உதறினான்.

“உதடு அசைஞ்சு முடிஞ்ச பொறவு சொல்லுத,” என்றான். “சிங்க்கு ஆவல.”

“மூணு வருசம் லேட்டு. அதோட இதையும் சேத்துக்க.”

லிங்கேஸ்வரன் சிரிக்காமல் இருக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு, பிளெக்ஸைச் சுருட்டி வண்டியின் பின்னால் போட்டான். வண்டி என்றால் டெம்போதான். வீட்டுக்குப் போக அந்த மழையில் வேறு வழியில்லை. சங்கரேஸ்வரி வந்தாள், இருவரையும் பார்க்காமல் முன்பக்கம் ஏறினாள், நட்டநடுவில் உட்கார்ந்துகொண்டாள். குத்துக்கல்வலசை வரை கியர் மாற்றும்போதெல்லாம் அவள் முழங்கால் இடித்தது. அவள் நகரவில்லை. இறங்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

“ஊருக்கெல்லாம் மைக்குல சொல்லுத. பெத்தவளுக்கும் ஊரோட சேத்துத்தான் சொல்லுவியோ? ஒங்கிட்ட எனக்குப் பேச்சில்ல.” பிறகு, மகனைத் தாண்டி, டிரைவர் சீட்டைப் பார்த்து, “நாளைக்கு வரும்போது முட்டக்கோசு ஒண்ணு எடுத்துட்டு வா,” என்றாள். மன்னித்தாளா, வசவு மண்டகப்படிக்கு நாள் குறித்தாளா என்று இருவருக்கும் விளங்கவில்லை.

காலையில் கடற்கரையும் டெம்போவில் ஏறிக்கொண்டான். பாவூர்சத்திரத்தில் முட்டைக்கோஸ் ஏற்றினார்கள். சாரல் விடவில்லை. லிங்கேஸ்வரன் பிளெக்ஸை விரித்துச் சுமையின் மேல் இழுத்துக் கட்டினான். நல்ல கனமான துணி, ஒரு சொட்டு இறங்கவில்லை. புளியறை செக்போஸ்ட்டில், தினமும் பார்க்கிற ஏட்டு வேல்சாமி வண்டியைச் சுற்றி வந்து அண்ணாந்து பார்த்தார்.

“ஏலே லிங்கு, நீ சினிமாவுல நடிச்சிருக்கியோ? பக்கத்துல நிக்கது யாரு, கூட்டாளியா?”

லிங்கேஸ்வரன் ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு எதிரே மலையைப் பார்த்தான். கடற்கரை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். முகத்தில் சாரல் அடித்தது.

“இல்ல அண்ணாச்சி. கட்டிக்கிடப் போறவன்.”

ஏட்டு அவனைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், பின்னால் ஹாரன் அடிக்கும் லாரிகளைப் பார்த்தார். ஏதோ கேட்க நினைத்து, அதை விட்டுவிட்டு, முட்டைக்கோஸ் மூட்டைகளை அணைத்தபடி படர்ந்து கிடந்த பெரிய மீசையைக் கம்பால் காட்டினார்.

“அப்பம் இவரு யாரு?”

“அவரு மழைக்கு,” என்றான் லிங்கேஸ்வரன். கியரைப் போட்டான்.