சாயம் ஏறாத பிடி

உடையார்பாளையத்துக்குக் கிழக்கே, முந்திரித் தோப்பை ஒட்டிய வீட்டில் சம்பூர்ணம் தூண்டில் கம்புகளுக்குச் சாயம் ஏற்றி வந்தாள். மூங்கிலைத் தணலில் வாட்டி, முந்திரிக்கொட்டைத் தோலில் எடுத்த எண்ணெயைத் துணி சுற்றிய குச்சியால் பூசுவாள். கையில் பட்டால் தோல் வெந்துவிடும். வெயிலில் காய்ந்தால் கம்பு நாவற்பழக் கறுப்பாகும்.

அவள் புருஷன் அங்கமுத்து 1999 ஐப்பசியில் ஊர் ஏரிக்கு மீன் பிடிக்கப் போனவன் திரும்பவில்லை. ஏரி அப்போது தளும்பி நின்றது. தேடினார்கள், கிடைக்கவில்லை. பிறகு அவனைத் திருப்பூரில் ஒருத்தியோடு பார்த்ததாக யாரோ சொல்ல, ஊர் அதையே நம்பியது. சம்பூர்ணமும் நம்பினாள்.

2003 சித்திரையில் ஏரி வறண்டது. வண்டல் அள்ளும் டிராக்டர் ஓட்டிய மணிவேல் ஒரு கம்போடு வந்தான்.

"சேத்துல கெடந்துச்சுக்கா. உளுத்துப் போவல பாருங்க. சாயம் போட்டுக் குடுங்க."

முதல் பூச்சில் கம்பு முழுக்கக் கறுத்தது. பிடிக்கும் இடம் மட்டும் வெளுப்பாகவே நின்றது. கண்ணாடிச் சில்லால் சுரண்டி மறுபடி பூசினாள். மறுநாள் அந்த வெளுப்புக்கு உருவம் வந்திருந்தது. ஒரு கட்டைவிரல். எதிர்ப்பக்கம் ஆள்காட்டி விரல், நடுவிரல். அப்புறம் ஒரு விரல் அகலத்துக்குக் கறுப்பு. அதையடுத்துச் சுண்டுவிரல்.

அங்கமுத்து கரும்பாலையில் மோதிர விரலை இழந்தவன்.

நல்ல உச்சிவெயில். தோப்பில் காக்கைச் சத்தம்கூட இல்லை. சம்பூர்ணம் அந்த அச்சின் மேல் தன் விரல்களை வைத்தாள். வெயிலில் கிடந்த மூங்கில் சில்லென்றிருந்தது. கையை எடுத்தபோது உள்ளங்கையெல்லாம் சேற்றுத் தண்ணீர்.

மணிவேலிடம் ஓடினாள்.

"எந்த எடத்துல எடுத்த தம்பி? மறைக்காம சொல்லு."

அவன் முகம் மாறியது. "பழைய மதகுக்குப் பக்கத்துலக்கா. பாதி பொதைஞ்சு நின்னுச்சு. இழுக்க இழுக்க வரல. கீழேருந்து யாரோ புடிச்சு இழுக்கற மாதிரி இருந்துச்சு. பயந்துட்டு யார்ட்டயும் சொல்லல."

அன்று மாலையே தோண்டினார்கள். இடுப்பளவு ஆழத்தில், மதகுக் கல்லுக்கடியில் கால் சிக்கியபடி ஓர் எலும்புக்கூடு கிடந்தது. வலது கை மடங்கியிருந்தது. அதில் மோதிர விரல் இல்லை. இடுப்பில் அறுபடாத அரைஞாணில் அவர்கள் வீட்டுச் சாவி கோத்திருந்தது.

போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. அடக்கத்தன்று, திருப்பூர்க் கதை பேசியவர்களெல்லாம் தலைகுனிந்து நின்றார்கள். சம்பூர்ணம் அழவில்லை. தங்கை சிந்தாமணி அவள் தோளை உலுக்கினாள்.

"அழுதுடுக்கா. மனசுல வச்சிக்காத."

"வருசா வருசம் சிறுவாச்சூருக்குப் போனேன்டி. அந்த மனுசன் கேக்க நாதியில்லாமக் கெடக்கணும்னு காளிகிட்ட வேண்டிக்கிட்டேன். அப்பல்லாம் அது இங்கதான் கெடந்துருக்கு."

சிந்தாமணி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.