அலமாரிக்குள் போன போட்டோக்காரி

"அதைத் தொடாதீங்கன்னு இன்னும் எத்தனை தடவைதான் சொல்றது?" என்று போட்டோக்காரி கத்தியபோது நான் மாடிப்படியில்தான் இருந்தேன். மொட்டைமாடிக் கொடியில் துணி எடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். துணி காய்ந்திருக்காதுதான், அதற்காக ஒரு மனுஷி மேலே ஏறக் கூடாதா?

மூன்றாம் மாடியில், என் சுவருக்கு அடுத்த வீட்டில், அவளும் அவள் புருஷனும் மட்டும்தான். அவர் லிப்ட் பழுது பார்ப்பவர். ஊரையெல்லாம் நின்ற இடத்திலிருந்தே மேலே ஏற்றிவிட்டு, லிப்ட் இல்லாத எங்கள் கட்டடத்தில் மூச்சு வாங்க ஏறி வருவார். அவளிடம் வேறொரு நகரத்துப் பத்திரிகை, ரயில் நிலையச் சுமைதூக்கிகளைப் படம் எடுத்து வா, பிடித்திருந்தால் வேலை என்று சொல்லியிருந்தது. எடுத்து முடித்துவிட்டாள். சாயங்கால ரயிலுக்குக் கிளம்ப வேண்டும். பிலிம் ரோலில் மிச்சமிருந்த ஒரே படத்துக்காக கேமராவின் லீவரை இழுத்திருக்கிறாள், பாதியில் நின்றுவிட்டது. ரோலைத் திரும்பச் சுற்றும் குமிழும் அசையவில்லை. வேலை மொத்தமும் அந்தப் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டது.

கதவு ஒருக்களித்திருந்தது. ஒருக்களித்த கதவு என்பது பாதி அழைப்பு. உள்ளே போனேன்.

அந்தப் பழைய கேமராவுக்கு ஒரே ஒரு சட்டம். முதலில் லீவரை இழுத்து ஷட்டரை ஏற்ற வேண்டும், பிறகுதான் வேகத்தை மாற்றும் குமிழைத் திருப்ப வேண்டும். மாற்றிச் செய்தால் உள்ளே பல்லோடு பல் சிக்கிக்கொள்ளும். சர்க்கரை கடன் கேட்டுப் போனவர்களுக்குக்கூட அவள் இதைச் சொல்லித்தான் அனுப்புவாள். எனக்கே மனப்பாடம்; நானோ அடுப்பைத் தவிர வேறெதையும் திருகி அறியாதவள். இப்போது அந்த வேகக் குமிழ் அவள் விட்டுப்போன எண்ணில் இல்லை.

தூசி தட்டும்போது கை பட்டிருக்கும் என்றார் லிப்ட்காரர்.

"அந்தக் குமிழைத் தூக்கித்தான் திருப்பணும்" என்றாள் அவள். "தூசித்துணிக்குத் தூக்கத் தெரியுமா?"

அவர் சுவரைப் பார்த்தார். பிறகு, சும்மா பார்க்கலாம் என்று திருப்பியதாகவும், எது முதலில் எது பிறகு என்பது நினைவில் இல்லை என்றும் முனகினார்.

"வேணும்னே பண்ணினேன்னு சொல்லுங்க, பரவாயில்ல. இத்தனை வருஷமா நான் சொன்னது காதுலயாவது விழுந்திருக்குன்னு நினைச்சுக்குவேன்."

அவர் கேமராவுக்குக் கை நீட்டினார். "குடு இப்படி. ஒரு இழுப்பு இழுத்தா வந்துடும்."

"லிப்ட் பாதியில நின்னா இழுப்பீங்களா?"

நீட்டிய கை அப்படியே இறங்கியது.

அவள் அலமாரியிலிருந்த சட்டைகளையெல்லாம் வாரிக் கட்டிலில் போட்டாள். இருட்டில் கேமராவைத் திறந்து பிலிமைக் கையால் உருவி எடுப்பதாம். ஒரு கீற்று வெளிச்சம் பட்டாலும் அத்தனையும் வெளுத்துப் போகுமாம். என் பக்கம் திரும்பி, "வந்ததுதான் வந்தீங்க அக்கா, ஜன்னலைச் சாத்திட்டு இந்த இடுக்குல போர்வையை அடைங்க" என்றாள். ஒரு தகர டப்பாவோடு உள்ளே போய்க் குந்தினாள். கதவைச் சாத்தினேன். சந்து பொந்தெல்லாம் அடைத்தேன். வீட்டுக்குப் போகும்படி யாரும் சொல்லவில்லை, நின்றேன்.

உள்ளே கேமராவின் முதுகுத் தகடு கழலும் சத்தம் கேட்டது. அப்புறம் பிலிம் சரசரத்தது. லிப்ட்காரர் மெல்ல நகர்ந்து வந்து அலமாரியின் கைப்பிடியில் கை வைத்தார். அதை ஒரு திருகு திருகினால் வேலை இல்லை, ரயில் இல்லை, நாளைக் காலையில் அவருக்குக் காபி போட ஆள் உண்டு. ஊர்வாய் எல்லாம் எனக்குத்தான் என்று பெயர். அன்றைக்கு ஒரு சொல் எழும்பவில்லை.

"அங்கதான் நிக்கிறீங்களா?" என்றது அலமாரி.

"ம்."

"கை எங்க இருக்கு?"

அவர் தன் கையை யாருடையதோ போலப் பார்த்தார். "கைப்பிடி மேல."

சரசரப்பு நின்றது. வெளியே எங்கேயோ ஒரு ஸ்கூட்டர் உதைபட்டு உதைபட்டுக் கிளம்பாமல் இருமியது. பிறகு உள்ளே மறுபடி சரசரப்பு, முன்பைவிட மெதுவாக.

"வேலை கிடைச்சா அங்கயே இருந்துடுவியா?" என்று கதவிடம் கேட்டார்.

"டப்பாவை மூடிட்டுச் சொல்றேன்."

மூடி இறுகும் சத்தம் கேட்டது. அவளேதான் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள், வேர்த்து விறுவிறுத்து. அவர் அதற்குள் கையைப் பின்னால் கட்டியிருந்தார். டப்பாவை மார்போடு அணைத்தபடி அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். சொல்லத்தான் போகிறாள் என்று நான் காதைத் தீட்டினேன். "ரயிலுக்கு நேரமாச்சு" என்றாள்.

வேலை கிடைத்தது. அவள் திரும்பி வரவில்லை. மழைக்காலம் முடிந்ததும் லிப்ட்காரரும் வீட்டைக் காலி செய்தார். இப்போது அங்கே ஒரு பல் டாக்டர், புதுசாகக் கல்யாணம் ஆனவர். புருஷனும் பெண்டாட்டியும் குசுகுசுவென்று பேசுவதால் சுவரில் காது வைத்தும் பிரயோஜனம் இல்லை. லிப்ட்காரர் எங்கே போனார் என்று எல்லோரும் என்னைத்தான் கேட்கிறார்கள். அவர் சாமான் ஏற்றிய வண்டி கிளம்பியபோது ஜன்னலில் பாதி உடம்பு வெளியே தொங்கப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். முச்சந்தியில் இடப்பக்கம் போனால் ரயில் நிலையம், வலப்பக்கம் போனால் அவர் தம்பி வீடு. சரியாக அந்த நேரத்தில் ஒரு தண்ணீர் லாரி ஒழுகிக்கொண்டே வந்து குறுக்கே நின்றது. அது நகர்ந்தபோது தெரு காலியாக இருந்தது. சிந்திய தண்ணீரிலிருந்து ஈரச் சக்கரத் தடங்கள் இரண்டு பக்கமும் போயிருந்தன, வெயிலில் காய்ந்துகொண்டு.