முப்பத்து நாலு டிகிரி

நாற்பது நாள் பழுதுபார்ப்புக்குப் பிறகு அன்று காலைதான் ஆலை மறுபடி மூச்சுவிட்டது. கச்சா எண்ணெய் உலையில் காய்ந்து, கோபுரத்தில் ஏறி, விமான எரிபொருளாகப் பிரிந்து வந்த முதல் பாட்டில் பரிசோதனைக் கூடத்து மேசையில் இருந்தது. தண்ணீர் மாதிரி அப்படி ஒரு தெளிவு. பார்க்க அழகாக இருந்தால் பாஸ் போட்டுவிடலாம் என்றால், சோதித்துப் பார்க்கும் அவளுக்கு எதற்குச் சம்பளம்?

கிண்ணத்தில் ஊற்றிச் சூடாக்கி, டிகிரிக்கு ஒரு முறை சின்னச் சுடரைக் காட்டினாள். முப்பத்தெட்டு வரைக்கும் ஆவி பற்றக் கூடாது. முப்பத்து நாலிலேயே குப்பென்று நீலமாகப் பற்றி அணைந்தது. அந்தக் கோபுரத்தை ஓட்டுவது அவள் வீட்டுக்காரன். மூன்று நாளாக வீட்டுப் பக்கமே தலைகாட்டாமல் கட்டுப்பாட்டு அறையில் பழியாய்க் கிடந்தான்.

போனில் சொன்னதும் எகிறினான்.

“பாட்டில சரியா அலசியிருக்க மாட்டாங்கடி!”

நியாயமான சந்தேகம்தான். பழைய எண்ணெய் ஒரு சொட்டு ஒட்டியிருந்தாலும் எல்லாம் தப்பாகிவிடும். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அவளே போனாள். குழாயைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அதே எண்ணெயில் பாட்டிலை மூன்று முறை அலசிக் கொட்டி, நான்காவதாகப் பிடித்தாள். பக்கத்தில் கைகட்டி நின்ற அவனுக்குக் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

கூடத்தில் அவன் கண் முன்னாலேயே சோதித்தாள். மறுபடியும் முப்பத்து நாலு.

“நாலு டிகிரிதானே குறையுது? டாங்குல இருக்கிற நல்ல எண்ணெயோட சேர்ந்தா சரியாப் போயிடும். முதல் நாளே என் மானத்த வாங்காத.”

“சேர்ந்து அதுவும் கெட்டுப்போச்சுன்னா? என்னால பாஸ்னு எழுத முடியாதுங்க.”

அவன் விருட்டென்று வெளியேறினான். அவள் சிவப்பு மையில் 34 என்று எழுதி, காகிதத்தைக் கட்டுப்பாட்டு அறைக்கு எடுத்துப் போனாள்.

மேலாளர் அதைப் பார்த்து முகம் சுளித்தார்.

“வேற யாரையாவது வெச்சு ஒரு தடவ டெஸ்ட் பண்ணலாமே?”

அதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு அவன் வந்தான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

“வேண்டாம் சார். யாரு பண்ணாலும் முப்பத்து நாலுதான் வரும். சீக்கிரம் பத்திக்கிற லேசான ஆவிய விரட்டுற ஸ்டீம் வால்வு கால்வாசிதான் திறந்திருக்கு. முழுசா திறந்தாச்சுன்னு லிஸ்ட்ல டிக் போட்டது நான். போய்ப் பாக்காம இங்க உக்காந்தே போட்டுட்டேன். இவ சொன்னப்புறம்தான் மேல ஏறிப் பாத்தேன். இவ ரிசல்ட்ல தப்பே வராது சார்.”

அறையில் பத்துப் பேர் இருந்தார்கள். பதினொரு வருஷத்தில் ஒரு நாளும் தன் தப்பை ஒத்துக்கொள்ளாத மனுஷன், அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டு நிமிர்ந்து நின்றான். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை, தன்னைப் பற்றியா அவனைப் பற்றியா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

வால்வை முழுக்கத் திறந்து மூன்று மணி நேரம் ஓட்டியதும் நாற்பத்தொன்று வந்தது. இரண்டாம் முறையும் அதேதான். கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோய் நீட்டினாள். அவன் காகிதத்தை வாங்காமல், ஆலை முழுக்கக் கேட்கும் மைக்கை அவள் பக்கம் திருப்பினான்.

“நீயே சொல்லு.”

அவள் மைக்கை நோக்கிக் குனிந்தாள்.

“முதல் எண்ணெய்... நாப்பத்தொண்ணு. பாஸ். டாங்குக்கு அனுப்பலாம்.”

வெளியே குழாய்களுக்கு நடுவே நின்றவர்கள் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார்கள். அவன் மைக்கை அணைக்க மறந்துவிட்டான். “ஏய், அழாதடி” என்று அவன் சொன்னதும் ஆலை முழுக்கக் கேட்டது.